போட்டோகிராபி கிளப்புக்குச் சந்தா கட்டலாமா? பழைய உறுப்பினரின் அனுபவம்

"கேமரா வாங்கிட்டேன், ஏதாவது கிளப்ல சேரலாமா?" என்று என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் தொடங்கி சித்தப்பா பையன் வரை பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கொரோனாவுக்கு முன்பிருந்தே சென்னையில் ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன். குறைகளும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். எப்படியும் இதில் பாதி விஷயம் இந்த ஊரின் எந்தக் கிளப்புக்கும் பொருந்தும்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை வெளியே போய்ப் படம் எடுப்பது. ஒரு சனிக்கிழமை மாலை, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹாலில் மாதப் போட்டியும் ஒரு பேச்சும். இன்னொரு சனிக்கிழமை ஓர் உறுப்பினரின் ஸ்டூடியோ மாடியில் சின்னக் கூட்டம். கொண்டுவரும் படங்களைப் பற்றிப் பேசுவார்கள், மார்க் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு முறை பிரிண்ட் போட்டு எடுத்து வரும் கூட்டம், கடைசியில் ஒரு கண்காட்சி. இவ்வளவுதான் கிளப். சேருகிற எல்லோரும் முதலில் ஓடுவது போட்டிக்கு. மாடிக் கூட்டத்தின் அருமை தெரிய கொஞ்ச நாள் ஆகும். சிலருக்குத் தெரிவதே இல்லை.

போட்டி நடக்கும் முறை எளிது. படம் 1920க்கு 1080 பிக்சலுக்குள் இருக்க வேண்டும், எஸ்ஆர்ஜிபி என்ற நிற முறையில் இருக்க வேண்டும், படத்தின் மேல் பெயரோ வாட்டர்மார்க்கோ கூடாது. மூன்று நடுவர்கள், ஆளுக்கு 1 முதல் 5 வரை மார்க். திரையில் ஒரு படம் சில நொடிகள்தான் நிற்கும். உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு புலி வந்து போயிருந்தால் தொலைந்தீர்கள்.

ஆரம்பத்தில் இந்தப் போட்டி எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். தேதிக்குள் படம் அனுப்ப வேண்டும் என்பதாலேயே சோம்பல் போனது. அடிவானம் சாய்ந்திருக்கிறதா, ஓரத்தில் யாருடைய முழங்கையாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஃபோகஸ் கண்ணில் விழுந்ததா என்று அனுப்பும் முன் பார்க்கும் பழக்கம் வந்தது. 'கதவு', 'இரும்பு', 'காத்திருத்தல்' என்று தலைப்பு கொடுத்தால் அந்த மாதம் முழுக்க பஸ்ஸில் போகும்போதுகூட கண் அதையே தேடும்.

பிறகு நடுவர்களின் ருசி பிடிபட்டுவிடும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். வெள்ளைத் தாடித் தாத்தா, பக்கவாட்டு வெளிச்சம், பீடிப் புகை. செம்மண் புழுதியில் ஆட்டு மந்தை, நடுவில் ஓடும் சிறுவன். பர்மா போய்வந்தவர் என்றால் மெழுகுவர்த்தி ஏந்திய குட்டி பிக்கு. இந்தப் படங்கள் மார்க் வாங்கும். அடுத்த மாதம் அதே தாத்தா இன்னொருவர் படத்தில் அதே பீடியோடு உட்கார்ந்திருப்பார். பாடப் புத்தகத்தைத் தொடாமல் கோனார் நோட்ஸை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி, படம் எடுக்கத் தெரியாமலே பரிசு வாங்கக் கற்றுக்கொள்ள முடியும். தாத்தாவுக்கு உட்காரக் காசு கொடுத்தார்களா, ஆட்டு மந்தையை இரண்டு முறை திருப்பி ஓட்டச் சொன்னார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு மேல் ஒரு படி உண்டு. ஃபியாப் என்கிற சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் பெற்ற, சலூன் என்று அழைக்கப்படும் படப் போட்டிகளில் கட்டணம் கட்டிப் படம் அனுப்பி, பல நாடுகளில் தேர்வான கணக்கைச் சேர்த்தால் பெயருக்குப் பின்னால் ஏஃபியாப், ஈஃபியாப் என்று பட்டம் போட்டுக்கொள்ளலாம். எங்கள் கிளப்பில் சிலர் அதில் மும்முரமாக இருக்கிறார்கள். எக்செல் ஷீட் வைத்து எந்தப் படம் எந்த நாட்டில் தேறியது என்று கணக்கு எழுதுவார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆனால் அவர்களோடு டீ குடிக்கும்போது படத்தைப் பற்றிப் பேச்சே வராது.

இயற்கைப் பிரிவுக்கு மட்டும் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதன் விதி கறாரானது. கிராப் செய்யலாம், வெளிச்சம் நிறம் சரிசெய்யலாம், முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கலாம். படத்தில் இல்லாததைச் சேர்க்கவோ இருப்பதை நீக்கவோ கூடாது. மீன்கொத்தியின் அலகுக்குக் குறுக்கே வந்த குச்சியாக இருந்தாலும் அது இருந்தபடி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேமராவில் பதிவான திருத்தாத மூலக் கோப்பை, அதாவது ரா ஃபைலைக் கேட்பார்கள். கூட்டில் இருக்கும் பறவைப் படங்களை எங்கள் கிளப் ஏற்பதே இல்லை. கூட்டைச் சுற்றி ஆட்கள் நின்றால் தாய்ப்பறவை குஞ்சுகளை விட்டுவிட்டுப் போய்விடும் என்பதால்தான். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து அசையாமல் ஆக்கி மிக நெருக்கத்தில் (மேக்ரோ) படம் எடுக்கும் வித்தை ஒருமுறை பேச்சில் அடிபட்டபோது, பறவை எடுக்கும் சீனியர்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது மாடிக் கூட்டம். எந்தத் தனி மனிதரையும் புகழ வேண்டாம் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன், இருந்தாலும் அங்கே வரும் ஒரு பெரியவரை விட முடியவில்லை. பத்திரிகையில் போட்டோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் ஸ்பீடு என்ன, லென்ஸ் என்ன என்று கேட்கவே மாட்டார்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நான் எடுத்த ஒரு படம். வலை பின்னும் ஒருவர், அவருக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட மீன் கூடையின் மேல் உட்கார்ந்து போனில் மூழ்கியிருக்கும் பையன். மாதப் போட்டியில் அதற்கு 15க்கு 7. "பின்னால இருக்குற பையன் கவனத்தைத் திருப்புறான், அவனை கிராப் பண்ணியிருக்கலாம்" என்று நடுவர் சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அதே படத்தை மாடிக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதுல யாரைப் பாக்கச் சொல்ற?"

"வலை பின்றவர சார்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பையன் மேல இவ்ளோ வெளிச்சம் இருக்குற நேரத்துல எடுத்த?"

பதில் என்னிடம் இல்லை. மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பையன் அவருடைய மகனா பேரனா, அவனும் வலை பின்னுவானா, பையனை வெட்டினால் இது காலண்டர் படமாகிவிடாதா என்று முக்கால் மணி நேரம் ஒரே படத்தின் மேல் பேச்சு. வலைக்காரர் கொஞ்சம் அவுட் ஆஃப் ஃபோகஸில் போனாலும் பரவாயில்லை, பையன்தான் படம் என்று ஒரு கட்சி. இருவரும் சமமாகத் தெரிய லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்11இல் வைத்திருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. நான் எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே மற்றவர்கள் காட்டினார்கள். சந்தா கட்டுவது இந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான். இதை யூடியூபில் வாங்க முடியாது.

அந்தப் படம் எடுத்த தேதியும் கிளப் சொல்லிக்கொடுத்ததுதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். புதிதாக வருபவர்கள் "அப்போ காசிமேட்ல ஒண்ணும் இருக்காது" என்பார்கள். பழையவர்கள் அப்போதுதான் கூட்டிப்போவார்கள். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பெயின்ட் வேலை நடக்கும், வலைகளை விரித்துப் போட்டுச் சரிசெய்வார்கள், மனிதர்களுக்குப் பேச நேரம் இருக்கும். மற்ற மாதங்களில் ஏலம் நடக்கும் விடிகாலையில் போனால், ஐஸ் பெட்டி தள்ளுபவர் வழியில் நாம் கேமராவோடு நிற்போம். திட்டு விழும், விழ வேண்டியதுதான். எப்போது போனாலும் வழுக்காத செருப்பு முக்கியம்.

குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவருக்கு, மழை விட்டதும் பள்ளிக்கரணைக்கு என்று வருஷம் ஓடிவிடும். பெண்ணாகத் தனியே கேமராவோடு விடிகாலை ஐந்து மணிக்கு ராயபுரம் பக்கம் போய் நிற்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. குழுவாகப் போவதால் அது நடந்தது. ஆனால் இடம் தேர்வு செய்கிறவர்கள் கழிப்பறை இருக்கிறதா என்று யோசிப்பதே இல்லை. பலமுறை சொன்ன பிறகு இப்போது டீக்கடையோடு சேர்த்து அதையும் மேப்பில் குறித்து அனுப்புகிறார்கள். கூட்டத்தில் பெண்கள் இன்றும் ஒரு வரிசைக்கு மேல் தேற மாட்டோம்.

திருவிழாப் பயணங்களில் எனக்கு ஒரு வருத்தம். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடம் போட்டவர்களைச் சுற்றி கேமராக்காரர்கள் வளையம் கட்டி நிற்பார்கள். வேண்டுதலுக்காக வந்தவர் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்ற கட்டளைக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். கூவாகத்தில் இன்னும் மோசம். தாலி அறுத்து அழும் திருநங்கையின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் அகலக் கோண லென்ஸ். அந்தப் படங்கள்தான் பரிசும் வாங்குகின்றன. கூவாகத்துக்குக் குழுவாகப் போவதை எங்கள் கிளப் நிறுத்தியது. அதற்கு நடந்த வாக்குவாதத்தில் இரண்டு பேர் விலகிப்போனார்கள். எனக்கு அந்த முடிவு சரி.

பேச்சுகள் ஏற்ற இறக்கமானவை. கம்பெனி ஆள் வந்து புது மாடலைப் பற்றிப் பேசும் மாலைகளில் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன். மறக்க முடியாதவை இரண்டு. ஒன்று, காப்புரிமை பற்றி ஒரு வழக்கறிஞர் பேசியது. 1957ஆம் வருஷச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் என்றார். கல்யாணப் படம் எடுப்பவர்களின் முகம் அன்றைக்கு விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அதன் பிறகு 60 வருஷமும் படத்துக்கு உரிமை உண்டு என்பதையும், இலவசப் போட்டிகளின் நிபந்தனைகளில் "எங்கும் எப்போதும் பயன்படுத்தலாம்" என்ற வரியைத் தேடிப் படிக்கவும் அன்று கற்றோம்.

இன்னொன்று லினியஸ் ட்ரைப் என்ற அந்தக் காலப் போட்டோகிராபரைப் பற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். மதுரை, ஸ்ரீரங்கம் எல்லாம் காகித நெகட்டிவில், மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிப் போய். மதராஸில் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியதும் அந்த 1850களில்தான். போனில் பனோரமா எடுப்பவர்கள் நிறைந்த ஹாலில் அந்த 19 அடியைத் திரையில் மெதுவாக நகர்த்திக் காட்டினார் பேச்சாளர்.

பிரிண்ட் கூட்டம் பற்றி. 12க்கு 18 அங்குலம் பிரிண்ட் போட அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்றால் 5400க்கு 3600 பிக்சல் வேண்டும், அதாவது 19 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். பழைய 24 மெகாபிக்சல் கேமரா தாராளமாகப் போதும். இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு புது கேமரா பாடி வாங்கும் செலவு மிச்சம். முதல் முறை பிரிண்ட் போடும் எல்லோருக்கும் படம் இருட்டாக வரும். லேப் காரரைத் திட்டுவார்கள். குற்றவாளி, முழு வெளிச்சத்தில் வைத்த லேப்டாப் திரை. திரையில் ஜொலித்து முதல் பரிசு வாங்கிய படங்கள் காகிதத்தில் சுவரில் மாட்டினதும் செத்துப் போவதையும், 7 மார்க் படம் ஒன்று நின்று பேசுவதையும் அங்கேதான் பார்க்கலாம். காசிமேட்டுப் படத்தைப் பையனோடு முழுசாகப் பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் போட்டேன். கண்காட்சியில் வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் போன் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சில்லறை லாபங்களும் உண்டு. சென்னையில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது நிச்சயம். ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட் வாங்க முடியாதவர்களுக்கு ஒரு சீனியர் அக்கா சொன்ன வழி: நல்ல ரப்பர் விளிம்பு வைத்த டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் முள் நிற்க வேண்டும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் காயவைத்து மறுபடி போடலாம். லென்ஸ் வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்க்கலாம் என்பதும் பெரிய சௌகரியம். அதே சமயம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களும் கேனான், சோனி சண்டையும் தாங்க முடியாது, மியூட் போட்டுவிடுங்கள். செயற்குழுத் தேர்தல் வரும் மாதம் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

சேர நினைப்பவர்கள் சந்தா கட்டும் முன் விருந்தாளியாக இரண்டு கூட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலான இடங்களில் விடுவார்கள். மார்க் இல்லாமல் படம் பேசும் கூட்டம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் காசுக்குப் பிரிண்ட் போட்டு நண்பர்களிடம் காட்டுவது மேல். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், ஞாயிறு வேலை உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம், முக்கியமானதெல்லாம் வார இறுதியில்தான் நடக்கிறது. போட்டி ஜெயிக்கத்தான் ஆசை என்றால் அதுவும் தப்பில்லை, அதற்குக் கிளப் நன்றாகவே பயிற்சி கொடுக்கும்.

நான் இந்த வருஷமும் சந்தா கட்டிவிட்டேன், போட்டிக்கான தனிக் கட்டணத்தை மட்டும் கட்டவில்லை. பிரிண்ட் கூட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைக்கச் சொல்லிச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். "பிரிண்ட் மாட்டுற ஸ்டாண்டு வாடகை கட்டுப்படி ஆகாது மேடம், பொதுக்குழுவில் வைக்கிறேன்" என்றார். கயிறும் கிளிப்பும் போதும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.