வட ஆர்க்காட்டு மண்பாதைகளுக்கு எந்த ஜிபிஎஸ், எந்த வரைபடம்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இப்போது நான்காகக் கிடக்கும் பழைய வட ஆர்க்காட்டில் மண்பாதை பிடித்துச் சுற்றுகிறவர்கள் ஜிபிஎஸ் வாங்கப் போகும்போது கேட்கும் முதல் கேள்வி, "எது சிக்னலை நல்லா இழுக்கும்?" என்பதுதான். இந்தப் பக்கத்துக்கு அது இரண்டாவது கேள்வி. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் தலைக்கு மேல் இலையே இருக்காது. பாலாற்று மணலிலும் பேரணாம்பட்டுக் கரட்டிலும் வானம் திறந்தே கிடக்கிறது. சாதாரண போன்கூட ஐந்து, பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ஆளைச் சுற்றலில் விடுவது வரைபடமும் செட்டிங்கும்தான். கருவிக்கு அளவாகச் செலவு செய்யுங்கள், மிச்ச மெனக்கெடலை வரைபடத்தில் போடுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் அல்லது 32எக்ஸ் இங்கே போதும். 2.2 அங்குலத் திரை, இரண்டு ஏஏ பேட்டரி, 8 ஜிபி உள்நினைவகம், மைக்ரோ எஸ்டி கார்டு போட இடம். 32எக்ஸில் கூடுதலாக இருப்பவை காற்றழுத்த உயரமானியும் எலக்ட்ரானிக் காம்பஸும். வண்டியை விட்டு இறங்கி நடக்கிறவருக்கு அந்தக் காம்பஸ் உதவும். நின்ற இடத்திலேயே திசை காட்டும். 22எக்ஸ் நகர்ந்தால்தான் திசை சொல்லும். வண்டியிலேயே இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, 22எக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கார்மினின் ஜிபிஎஸ்மேப் 65எஸ் சிக்னலை இரண்டு அலைவரிசையில் வாங்கும், இந்தியாவின் சொந்த நாவிக் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக்கொள்ளும். பீமன் அருவிப் பள்ளம் மாதிரி இரண்டு பக்கமும் பாறை நிற்கும் இடங்களில் இதன் அருமை தெரியும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலால் சாதாரணக் கருவியின் தடம் ஓடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாவும்; 65எஸ்ஸில் தாவல் வெகுவாகக் குறையும். அப்படிப்பட்ட இடங்களில் நடப்பதே உங்கள் வேலை என்றால் வாங்குங்கள். இட்ரெக்ஸ் எஸ்இ பக்கம் மட்டும் போக வேண்டாம். பேட்டரி 168 மணி நேரம் என்று பார்த்ததும் ஆசை வரும், ஆனால் அதில் வரைபடமே ஏற்ற முடியாது.

இன்னொன்றும் வேண்டாம். பெயருக்குப் பின்னால் 'ஐ' என்ற எழுத்தோடு வரும் இன்ரீச் வகைக் கருவிகள் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பக்கூடியவை. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அவற்றை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் வாங்கிவரச் சொல்லும்போது மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை சொல்லி அனுப்புங்கள்.

போன் இருக்கும்போது தனிக்கருவி எதற்கு என்ற கேள்விக்கு ஒரே பதில், அக்னி நட்சத்திரம். ஹேண்டில்பாரில் உச்சி வெயிலில் நிற்கும் போன் முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜ் ஏற மறுக்கும், கடைசியில் சூடு அதிகம் என்று தானே அணைந்துவிடும். வெயில் ஏற ஏற கையடக்கக் கருவியின் திரை இன்னும் தெளிவாகத் தெரியும், பின்விளக்கே வேண்டாம். ஐப்பசி மழையிலோ கதை வேறு. ஈரத் திரையில் போன் தானாகவே எதையாவது அழுத்திக்கொள்ளும், பொத்தான் வைத்த கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. பைக் இன்ஜின் அதிர்வு போன் கேமராவின் உள்பாகத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மையே. ஆகவே கருவி ஹேண்டில்பாரில், போன் பையில். போனில் ஆஸ்மாண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியைப் போட்டு, தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொண்டால் பெரிய திரையில் திட்டம் போட அதுவே வசதி.

எந்தக் கையடக்கக் கருவியானாலும் நாள்பட தேய்வது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். சுற்றியுள்ள ரப்பரின் பசை வெயிலில் இளகி ஓரம் தூக்கும். அந்த இடுக்கில் செம்மண் ஏறினால் பிறகு ஒட்டாது. மண்ணைத் துடைத்து, ரப்பருக்கான பசையை மெல்லிய கோடாக வைத்து, ஒரு ராத்திரி நூல் சுற்றிக் கட்டி வையுங்கள். அடுத்தது பேட்டரி. கல்பாதை அதிர்வில் செல்லின் முனை ஸ்பிரிங்கை விட்டுக் கணநேரம் விலகினாலும் கருவி அணைந்துவிடும். செல்லுக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் ஃபோம் துண்டு ஒன்றை வைத்தால் சரி. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் போடுகிறீர்கள் என்றால் செட்டப்பில் பேட்டரி வகையையும் அப்படியே மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மீதி இருக்கும் சார்ஜைத் தப்பாகக் காட்டும். ஆல்கலைன் செல்லைக் கருவிக்குள் விட்டுவிட்டுக் கோடை முழுவதும் பீரோவில் வைத்தால் கசிந்து முனையை அரித்துவிடும்.

இனி வரைபடம். கருவியோடு வரும் அடிப்படை வரைபடம் நெடுஞ்சாலைக்கு மேல் எதற்கும் ஆகாது. யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து கார்மினுக்கென்று மாற்றிய கோப்பை இலவசமாக இறக்கி, எஸ்டி கார்டில் 'கார்மின்' என்ற ஃபோல்டருக்குள் போட்டால் போதும். கார்டு 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முழு இந்தியாவுக்கும் போகாமல் தென்மண்டலத்தை மட்டும் எடுங்கள். தமிழ்நாட்டை மட்டும் வெட்டி எடுத்தால் பேரணாம்பட்டுக்கு மேற்கே, குடியாத்தத்துக்கு வடக்கே எல்லை தாண்டியதும் திரை வெறுமையாகிவிடும். கல்லுக் குறி போட்ட எல்லை பாதையில் எங்கே வருகிறது என்று அங்கே யாருக்கும் தெரிவதில்லை.

தமிழ்ப் பெயர்களுள்ள வரைபடத்தை இந்தக் கருவிகளில் ஏற்றிப் பயனில்லை. கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நிற்கும், அல்லது கட்டம் கட்டமாக வரும். ஆங்கில எழுத்துப் பெயர்தான் வழி. அதில் பீஞ்சமந்தைக்கும் ஜார்த்தான்கொல்லைக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். தேடினால் கிடைக்காது. போக வேண்டிய ஊர்களை வீட்டிலேயே புள்ளிகளாகக் குறித்து ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நம் பக்கத்து மண்பாதைகள் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து வரைந்தவை. அங்கேதான் சிக்கல். மலையடிவாரத்தில் நேராக ஓடும் வெளிறிய கோடு பாதையாக இருக்கலாம், வனத்துறை வெட்டிய தீத்தடுப்புக் கோடாகவும் இருக்கலாம். தீக்கோடு செங்குத்தான சரிவைக்கூட வளையாமல் நேரே ஏறும். பாதை அப்படி ஏறாது. வரைபடத்தில் சமஉயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) நேர்குத்தாக வெட்டிக்கொண்டு போகும் 'பாதை' தெரிந்தால் நம்பாதீர்கள். மணல் படிந்த ஓடையும் வண்டிப்பாதை மாதிரியே தெரியும். ஓடைக்கு அடையாளம், இரண்டு பக்கமும் மரம் நெருக்கமாக நிற்பதும், கீழே போகப் போக அகலம் கூடுவதும். பாலாற்றுக்குள் தெரியும் தடங்களோ மணல் லாரி போன வழி. ஒரு வெள்ளம் வந்தால் அவ்வளவுதான். 2021 நவம்பர் வெள்ளத்துக்கு முன் வரைந்த எதையும் ஆற்றுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏமாற்றும் இன்னொரு வகை ஏரிக்கரை. வட ஆர்க்காட்டில் ஏரிக்குப் பஞ்சமில்லை, கரைமேல் போகும் பாதையை வரைபடம் ஒரே கோடாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்திருக்கும். நேரில் போனால் ஒரு முனையில் கோடி இருக்கும். தண்ணீர் வழிய வேண்டிய இடம் என்பதால் அங்கே கரை தாழ்ந்து கல்கட்டாகிவிடும். சில ஏரிகளில் கோடைக்காலத்தில் இறங்கி ஏறலாம், சிலவற்றில் படிக்கட்டு மாதிரிக் கல் அடுக்கியிருப்பதால் பைக்கே போகாது. கார்த்திகையில் ஏரி கோடி போனால் கேள்வியே இல்லை, வந்த வழியே திரும்ப வேண்டும். கரையின் அகலமோ பல இடங்களில் ஒரு ஜீப்புக்குச் சரியாக இருக்கும், திருப்ப இடம் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் கோடியை முன்பே கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளலாம்: கரையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு வாய்க்கால் தொடங்கும் முனைதான் அது. ரயில்வே சுரங்கப்பாதைகளையும் மழைக்கால வரைபடத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் துணை, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். வேலூர் நகரம் பழைய எண்ணில் 57 பி/1 (ஆங்கில P). காவலூர் வானாய்வகமும் ஜமுனாமரத்தூரும் 57 எல்/14, ஏலகிரி 57 எல்/10. பாதை பழசாக இருக்கும், ஆனால் ஓடை, பாறை, கிணறு, காப்புக்காட்டு எல்லை இவற்றில் இதற்கு நிகர் இல்லை. பொதுமக்களுக்கான இப்போதைய வரிசை டபிள்யூஜிஎஸ்84 என்ற, ஜிபிஎஸ் பயன்படுத்தும் புவி அளவீட்டு அடிப்படையில் அமைந்தது, அப்படியே கருவியோடு பொருந்தும். யாரோ ஸ்கேன் செய்து கொடுத்த பழைய தாள் எவரெஸ்ட் என்ற பழைய அளவீட்டு அடிப்படையில் இருக்கும். அதிலிருந்து எடுத்த அட்சதீர்க்கத்தை அப்படியே அடித்தால் நம் பக்கத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளிப்போகும். அடுத்த பள்ளத்தாக்கில் இறக்கிவிட இந்த 200 மீட்டர் போதும்.

தாளைக் கருவிக்குள் படமாக ஏற்றும்போது அளவு பார்க்க வேண்டும். ஒரு தாள் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம், தரையில் சுமார் 27 கி.மீ. சதுரம், காகிதத்தில் 54 செ.மீ. 200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) ஸ்கேன் எடுத்தால் பக்கத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் புள்ளி. கருவி 1024க்கு 1024 துண்டுகளாகத்தான் படிக்கும் என்பதால் ஒரு தாளுக்கு 25 துண்டு. இட்ரெக்ஸின் வரம்பு 100 துண்டு. அதாவது நான்கு தாள். 300 டிபிஐக்குப் போனால் தாளுக்கு 49 துண்டாகி இரண்டே தாளில் நிரம்பிவிடும், படிக்கவும் பெரிய வித்தியாசம் தெரியாது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டு, ஜேபெக் படங்களைக் கொண்ட கேஎம்இசட் கோப்பாக (கருவி ஏற்கும் படவரைபடக் கோப்பு) எடுங்கள். பிஎன்ஜி படத்தைக் கருவி படிக்காது. எந்த வரைபடம் மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் அடுக்கு எண்ணை 50க்குக் கீழே வைத்தால் சாலை வரைபடத்துக்கு அடியில் போய் மறைந்துவிடும், 50 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

சமஉயரக் கோடு பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடாரில் அளந்த தரவு, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. 20 மீட்டர் இடைவெளிக் கோடு போதும். 10 மீட்டர் கோடு போட்ட வரைபடம் அழகாக இருக்கும், அவ்வளவே; ஜவ்வாதில் திடீரென்று நிற்கும் ஆள் உயரப் பாறையும் இரண்டாள் பள்ளமும் எதிலும் வராது.

உயரத்தில் இன்னொரு குழப்பம் நம் ஊருக்கே உரியது. தென்னிந்தியாவில் கடல்மட்டப் பரப்பு, ஜிபிஎஸ் கணக்குப் போடும் நீள்வட்டப் பரப்பைவிட 85, 90 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. திருத்தம் செய்யாத போன் செயலியில் வேலூரின் 216 மீட்டர் சுமார் 130 ஆகத் தெரியும். செயலி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஆஸ்மாண்டில் உலக உயரத் திருத்தக் கோப்பை இறக்கினால் சரியாகும். கையடக்கக் கருவிகள் தாமே திருத்திக்கொள்ளும். 32எக்ஸின் காற்றழுத்த உயரமானியைக் காலையில் ஒருமுறை சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு மில்லிபார் மாறினால் எட்டரை மீட்டர் தவறும். காட்பாடி, ஜோலார்பேட்டை ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும், பார்த்து அடித்துக்கொள்ளலாம். மேலே போனதும் காவலூர் வானாய்வகத்தின் 725 மீட்டர் சோதித்துப் பார்க்க நல்ல புள்ளி.

அட்சதீர்க்கத்தைப் பாகை தசமத்தில் வையுங்கள். கருவி வாங்கியதும் வருவது பாகை, தசம நிமிடம். காவலூர் 12 பாகை 34.6 நிமிடம் வடக்கு, 78 பாகை 49.6 நிமிடம் கிழக்கு. இதைப் பார்த்து 12.346, 78.496 என்று போனில் அடிக்கிறவர்கள் நிறைய பேர். அது 44 கி.மீ. தள்ளி ஊத்தங்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். சரியான எண் 12.5767, 78.8267.

சாலையோடு ஒட்டிக்கொள்ளும் 'லாக் ஆன் ரோடு' வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பக்கத்துக் கொல்லையில் இருந்தாலும் அது சாலையில் இருப்பதாகச் சாதிக்கும். வழிகாட்டலை நேர்கோட்டு முறையில் வையுங்கள். தடப் பதிவு பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. கொள்ளளவு 10,000 புள்ளி என்பதால் நூறு கிலோமீட்டர் தாங்கும், தானாகச் சேமிப்பதை 'தினமும்' என்று வைத்தால் பழையதன்மேல் எழுதாது. மலை ஏறும் முன் ஒடுகத்தூரிலோ ஆலங்காயத்திலோ, நெட்வொர்க் இருக்கும்போதே, போனிலும் ஒருமுறை இடம் பிடிக்க விடுங்கள். செயற்கைக்கோள்கள் எங்கே என்று நெட்வொர்க் சொல்லும் உதவித் தரவு கிடைக்காத போன் மேலே போய் முதல்முறை இடம் காண நிமிடக்கணக்கில் தடவும்.

கடைசியாக, வரைபடத்தில் பாதை இருப்பதும் அதில் போக அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. பச்சையாகக் காட்டும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மலையேற்ற விதிகளுக்குப் பிறகு கண்டிப்பு கூடியிருக்கிறது. ஜவ்வாது சந்தனக் காடு. அங்கே இருட்டிய பிறகு ஜிபிஎஸ்ஸும் கையுமாக நிற்கிறவரை ரோந்துக்காரர் விசாரிக்கத்தான் செய்வார். அனுமதிக் கடிதத்தின் நகலைப் போனில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் வைத்திருங்கள். காப்புக்காட்டு எல்லையை நில அளவைத் தாளிலிருந்து ஒரு கோடாக வரைந்து கருவியில் ஏற்றி, அதன்மேல் பாதை வெட்டும் இடங்களில் நெருங்கினால் ஒலிக்கும் எச்சரிக்கைப் புள்ளிகளை 200 மீட்டர் வட்டத்தோடு வைத்துவிட்டால், திரையைப் பார்க்காமலே எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.