டிஸ்கஸ் இன்ஹேலர்: தினசரி ஆஸ்துமா மருந்துக்கு எப்படி?

மூச்சுக்குழாய் அழற்சியைக் குறைக்கும் புளூட்டிகசோனும் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்மெட்டராலும் கலந்த பொடி மருந்து இந்த வட்டக் கருவியில் வருகிறது. இதில் முதலில் பாராட்ட வேண்டியது எண்காட்டி. 60 வேளைக் கருவியில் அது 60-இல் தொடங்கிக் குறையும், கடைசி 5 முதல் 0 வரை சிவப்பில் தெரியும். காலிக் கருவியை உறிஞ்சி ஏமாற வேண்டியதில்லை.

கருவியை மட்டமாகப் பிடித்து, ‘கிளிக்’ கேட்கும்வரை நெம்பை ஒரே ஒரு முறை தள்ளுங்கள். சும்மா தள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வேளை மருந்து வீண். மூச்சைக் கருவிக்கு வெளியே முழுக்க விடுங்கள். உள்ளே ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டிவிடும். பிறகு வாயால் வலுவாக, ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்குங்கள். மெல்ல இழுத்தால் பொடி நுரையீரலைச் சரியாக எட்டாது. வலுவாக இழுக்க முடியாத சிறு குழந்தைகளுக்கு ஸ்பேசர் (மருந்தைத் தேக்கி மெல்ல இழுக்க உதவும் குழாய்) பொருத்திய இன்ஹேலரே மேல். கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் வாயில் வெண்பூஞ்சையும் குரல் கம்மலும் அதிகம் வருகின்றன.

கருவியைக் கழுவக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பொடியில் பால் புரதம் கலந்த லாக்டோஸ் உண்டு. கடுமையான பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

பெரிய குறை, திடீர் மூச்சுத்திணறலுக்கு இது உதவாது என்பதே. சால்மெட்டரால் மெதுவாகத்தான் வேலை செய்யும். சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் எப்போதும் கையில் இருக்கட்டும். இழைப்பு நின்றுவிட்டதென்று மருத்துவரைக் கேட்காமல் இதை நிறுத்தவும் கூடாது.