விலைச்சீட்டில் விற்பனை வரி: சேர்த்துக் காட்டுவதா, பிரித்துக் காட்டுவதா?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது; பணம் செலுத்தும் இடத்தில்தான் அது கூட்டப்படும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 1998ஆம் ஆண்டின் விலை அறிவிப்பு நெறிமுறைப்படி, நுகர்வோருக்குக் காட்டும் விலை வரி உள்ளிட்ட இறுதி விலையாகவே இருக்க வேண்டும்.

பிரித்துக் காட்டுவோர் முன்வைக்கும் நடைமுறைக் காரணம் புறக்கணிக்கத்தக்கதல்ல. அமெரிக்காவில் மாநிலத்தோடு உள்ளாட்சிகளும் வரி விதிப்பதால், பல ஊர்களில் கிளைகள் உள்ள நிறுவனம் ஒரே விளம்பரத்தில் ஒரே இறுதி விலையைச் சொல்வது கடினம். ஆனால் இந்தக் காரணம் விளம்பரத்துக்குத்தான் பொருந்தும். ரசீதுக்காக வரியைக் கணக்கிடும் கடைக் கணினிக்கு அதே கணக்கை அலமாரிச் சீட்டுக்கும் போடுவதில் என்ன தடை?

வரி தனியே தெரிந்தால்தான் மக்கள் அதன் சுமையை உணர்வார்கள் என்பது அவர்களின் மற்றொரு வாதம். பொருளியலாளர்களான ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி கிராஃப்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆட்டங்காணச் செய்கிறது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் சில பொருள்களுக்கு மட்டும் வரி சேர்த்த விலையையும் சீட்டில் காட்டியபோது, அவற்றின் விற்பனை ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்தது. வரி உண்டு என்பதை அறிந்தவர்கள்கூட, பொருளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அதைக் கணக்கில் கொள்வதில்லை என்பதே இதன் பொருள். கையிருப்பை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டிய ஏழைக்கு, எடுத்த பொருளைப் பலர் முன்னிலையில் திருப்பி வைக்கும் நிலையை ஏற்படுத்துவது பிரித்துக் காட்டும் முறைதான். இதை என்னால் சிறு குறையாகக் கருத முடியவில்லை.

சேர்த்துக் காட்டும் முறையிலும் இடர் உண்டு. வரி விகிதம் மாறும்போது எல்லாச் சீட்டுகளையும் மாற்ற வேண்டும். உயர்வுக்கான பழியும் கடைக்காரர்மீதே விழும். ஜப்பான் 2004இல் வரி உள்ளிட்ட விலையைக் கட்டாயமாக்கியது. விகிதம் 2014இல் 5இலிருந்து 8 சதவீதமாகவும், 2019இல் 10 சதவீதமாகவும் உயர்ந்த காலத்தையொட்டி, 2013 அக்டோபர் முதல் 2021 மார்ச் வரை அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. இப்போது அங்கே இரு விலைகளையும் காட்டலாம், இறுதி விலை தெளிவாக இருந்தால் போதும்.

வரித்தொகையை ரசீதில் தனியே அச்சிட்டால் பழி யாருக்கு உரியது என்பதும் விளங்கிவிடும். ஆகவே சீட்டில் இறுதி விலை, ரசீதில் வரிப் பிரிப்பு என்ற ஏற்பாட்டையே நான் ஆதரிக்கிறேன். சீட்டிலேயே இரு விலைகளையும் காட்ட விரும்பும் கடைகள், இறுதி விலையை மற்றதைவிடச் சிறிய எழுத்தில் அச்சிடுவதைச் சட்டம் அனுமதிக்கக் கூடாது.