மொட்டை மாடி பஃப் கேபின்: ஆறு வருடம், நூற்றிருபது ஸ்க்ரூ

மாடிக் கேபின் கூரையில் இருந்த ஸ்க்ரூ அத்தனையும் கழற்றி மாற்றி முடித்த அன்று மாலையே வாலாஜா நண்பர் போன் செய்தார். "நம்ம வீட்டுப் பின்னாடி காலி இடம் சும்மா கெடக்கு. உங்க மாடியில இருக்கிற மாதிரி ஒரு கேபின் எறக்கிடலாமா?" தோள்பட்டை வலியோடு சொன்ன பதிலை அப்படியே விட முடியாது என்பதால் நிதானமாக எழுதுகிறேன். கோபம் அங்கங்கே எட்டிப்பார்த்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வேலூர் சத்துவாச்சாரி, மொட்டை மாடி. 20க்கு 10 அடி. 50 மி.மீ. பஃப் (சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரை), இரண்டு பக்கமும் அரை மி.மீ. வண்ணத் தகடு, தரைக்கு 18 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு. 2019இல் வைத்தது. மற்ற விவரமெல்லாம் விற்பவர்களே வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்புவார்கள்.

அவர்கள் அனுப்பாதது கூரை ஸ்க்ரூவைப் பற்றி.

இந்த அளவுக்கு ஒரு மீட்டர் அகல ஷீட் ஆறும், ஓரத்துக்கு ஒரு துண்டும் வேண்டும். கீழே நான்கு வரிசை பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்புச் சட்டம். ஒரு ஷீட்டுக்கு ஒரு வரிசையில் மூன்று என்று 84 ஸ்க்ரூ, ஷீட்டும் ஷீட்டும் சேரும் ஆறு லேப்பில் ஆறாறாக 36. மொத்தம் 120 ஓட்டை. மழைக்கும் அறைக்கும் நடுவே நிற்பது பஃப் இல்லை, இந்த 120 ஓட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வாஷர். அது கடைக்காரர் கணக்கில் காசு மிச்சம் பிடிக்கும் இடம்.

மே மாதத்தில் 42, 43 டிகிரி தொடும் ஊர் இது. கத்திரி வெயிலில் கூரையின் மேல் தகடு 65 டிகிரிக்குப் போகும்; ஏசி ஓடும் அறையின் உள் தகடு 28இல் இருக்கும். விடியற்காலைக்கும் நடுமதியத்துக்கும் இடையில் பத்தடி ஷீட் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. நீண்டு சுருங்குகிறது. மேல் தகடு நீள, கீழ்த் தகடு நீளாமல் இருக்க, ஷீட் வில் மாதிரி லேசாக வளையவும் செய்யும். ஸ்க்ரூ மட்டும் பர்லினில் அசையாமல் நிற்கிறது. தினம் ஒரு தரம் என்று வருடத்துக்கு 365 ஆட்டம். இரண்டு மூன்று வருடத்தில் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிவிடும், வெயிலில் காய்ந்த மட்ட ரப்பர் வாஷர் வெடித்துவிடும். அதற்கப்புறம் ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதில் ஒரு வேடிக்கை, கார்த்திகை மாத அடைமழைக்கு இந்தக் கூரை அவ்வளவாக ஒழுகாது. ஆடி, ஆவணியில் மூன்று மணி வரை வெயில் கொளுத்திவிட்டு, நான்கரைக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் இடிமழை அடிக்கும் பாருங்கள், அதற்குத்தான் சொட்டும். கொதிக்கிற தகட்டின் மேல் மழை விழுந்ததும் தகடு சட்டென்று சுருங்குகிறது. ஷீட்டின் புடைத்த மேட்டுக்கு அடியில் அடைபட்ட சூடான காற்றும் கூடவே சுருங்கி, வெளியில் நிற்கும் தண்ணீரை ஓட்டை வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. "மழைக்காலம் முடிஞ்சுது, ஒரு சொட்டு இல்ல" என்று டிசம்பரில் சான்றிதழ் தருகிறவர்கள் அடுத்த ஆடி வரைக்கும் பொறுத்திருக்கலாம்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பி முதல் இரண்டு வருடம் வீணாகப் போனது. தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, ஷீட்டின் உட்பக்கமாகவே நாலைந்து அடி நடந்து, ஏதாவது ஒரு மூட்டில்தான் சொட்டும். கண்டுபிடிக்க ஒரே வழி: ஹோஸ் பைப்பை எடுத்துக் கூரையின் தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரு வரிசைக்குப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஓர் ஆளை நிறுத்திப் பார்ப்பது. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா ஓட்டைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போய்விடும், எது குற்றவாளி என்று தெரியாது.

ஸ்க்ரூ மாற்றும் முறையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேபின் வைத்திருக்கும் எல்லாரும் ஒரு நாள் இதற்கு வந்துதான் ஆகவேண்டும். பழையது 5.5 மி.மீ. தடிமன். அதே அளவு புதிது போட்டால் தளர்ந்த ஓட்டையில் பிடிக்காது, 6.3 மி.மீ. வாங்க வேண்டும். நீளம் பஃப் தடிமன், மேட்டின் உயரம், பர்லின் மூன்றையும் கூட்டிப் பார்த்து. இந்தக் கூரைக்கு 115 மி.மீ. வந்தது. வாஷர் வெயிலுக்குத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பராக, பழையதைவிட அகலமாக இருக்கட்டும். வெறும் துத்தநாக முலாம் பூசிய பளபளப்பு ஸ்க்ரூ இரண்டு வருடத்தில் துருப்பிடித்துக் கூரையில் சிவப்புக் கோடு இறக்கும். துருவுக்குத் தாங்கும் தடித்த பூச்சுள்ளது சற்று விலை கூட, ஆனால் இரண்டாவது முறை ஏறவேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, ஓட்டையைத் துடைத்து, புதியதை ஏற்றிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். சுவரில் ஓட்டை போடும் ஹாமர் ட்ரில் வேண்டாம். அது நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காது. கிளட்ச் உள்ள ஸ்க்ரூ கன்தான் சரி. ரப்பர் வாஷரின் விளிம்பு தகர மூடிக்கு வெளியே இம்மியளவு தெரிந்ததும் நிறுத்திவிடவேண்டும். இன்னும் முறுக்கினால் ரப்பர் பிதுங்கிப் பிளந்துவிடும், கூடவே மேடும் நசுங்கி ஸ்க்ரூவைச் சுற்றிக் குளம் கட்டும். இதைச் சொன்னால் பல வெல்டர்கள் "டைட்டா இருந்தா நல்லதுதானே சார்" என்பார்கள். இல்லை.

எங்கே அடிப்பது என்பதும் முக்கியம். ஷீட்டின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது. அங்கே அடித்த ஸ்க்ரூ ஆற்றுக்குள் நட்ட கம்பம். லேப்பில் இரண்டு ஷீட்டுக்கும் நடுவே பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டித்தான் மூட வேண்டும். மேலே சிலிக்கானைக் கோடாக இழுத்துவிட்டுப் போவது வேலை இல்லை, கண்துடைப்பு. சிலிக்கான் போட்டே ஆகவேண்டிய மூலைகளுக்கு நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். திறந்ததும் வினிகர் மாதிரிப் புளிப்பு வாடை அடித்தால் அது அமிலம் கக்கும் சாதா வகை. கண்ணாடிக்குச் சரி, துத்தநாகத் தகட்டை அரித்துவிடும். இந்தக் கூரையில் முதலில் அடித்தது அந்தப் புளிப்புச் சிலிக்கான்தான். உரித்தபோது அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

வேலை முடிந்ததும் ட்ரில் போட்ட இரும்புத் துகளை அன்றைக்கே கூட்டி அள்ளிவிட வேண்டும். ஒரு ராத்திரி பனி விழுந்தால் துகள் துருப்பிடித்துத் தகட்டின் பெயின்ட்டிலும் ஒட்டிக்கொள்ளும். நடப்பது பர்லின் வரிசை மேலே மட்டும். காலை ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு கூரை தோசைக்கல்.

சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்தது 5 டிகிரி வேண்டும், அதாவது பத்தடிக்குப் பத்தரை அங்குல இறக்கம். இங்கே கொடுத்தது நாலு அங்குலம். இப்போது மாற்றவேண்டுமென்றால் கூரையையே கழற்றவேண்டும். சில இடங்களில் மேடே இல்லாத சுவர் ஷீட்டைப் படுக்கவைத்துக் கூரை என்று விற்கிறார்கள். அதற்கு இது தேவலை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இனி நியாயத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கேபின் செய்த ஒரு நல்ல காரியம் விற்றவருக்கே தெரியாது.

வேலூர் வீடுகளில் பகலைவிடக் கொடுமை இரவு எட்டிலிருந்து பத்து வரை. ஐந்து அங்குலக் கான்கிரீட், அதன் மேல் சுர்க்கி (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த பூச்சு), தட்டோடு எல்லாம் பகல் முழுக்கக் குடித்த வெயில் மெதுவாக இறங்கி அந்த நேரத்துக்குத்தான் உள்ளே வந்து சேரும். ஃபேன் போட்டால் சூட்டைத்தான் அள்ளி வீசும். மரமில்லாத மலை என்று ஊருக்கே சொலவடை உண்டு. அந்தப் பாறைகளும் ராத்திரியில் தம் பங்கைத் திருப்பித் தருகின்றன. கேபின் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கும் படுக்கையறையில் முதல் கத்திரியிலேயே வித்தியாசம் தெரிந்தது. சுவரில் கை வைத்தால் சூடு; மேல்தளத்தில் இல்லை. பக்கத்து அறையில் ஏசி இரவு முழுக்க ஓடுகிறது, இங்கே பன்னிரண்டு மணிக்கு அணைத்துவிட்டு ஃபேனில் தூங்கலாம்.

காரணம் பஃப் மட்டும் இல்லை, கேபினுக்கும் தளத்துக்கும் இடையே விட்ட ஓர் அடி இடைவெளி. மேலே நிழல், கீழே நாலு பக்கமும் காற்று. "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று அந்த இடைவெளியைச் செங்கல் வைத்து மூடினவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிர்ச்சியும் போச்சு, உள்ளே மழைத்தண்ணீர் நின்று எலிக்கும் தேளுக்கும் குடியிருப்பும் ஆச்சு. ஒன்பது அங்குலத்துக்குக் கீழே போனால் துடைப்பம் நுழையாது. ஓர் அடி விடுங்கள், வலை மட்டும் அடியுங்கள்.

கேபினுக்குள் சூடு எப்படி என்றால், ஒரு டன் ஏசி பத்து நிமிடத்தில் குளிர்த்திவிடும். அணைத்த அரை மணியில் பழையபடி ஆகிவிடும். செங்கல் சுவர் மாதிரி குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும் கனம் இதற்குக் கிடையாது. மேற்கே சன்னல் வைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 50 மி.மீ. பஃப் கூரை முழுவதும் நடுமதியத்தில் உள்ளே விடும் சூடு ஏறக்குறைய 300 வாட். நாலுக்கு மூன்று அடி மேற்குக் கண்ணாடி சாயங்காலம் நாலு மணிக்குத் தனியாளாக 450 வாட்டுக்கு மேல் விடும். சன்னலை வடக்கே வையுங்கள், கூரை நிறம் வெள்ளையோ சந்தனமோ. கடல் நீலம் கேட்லாகில்தான் அழகு.

எடை மொத்தம் இரண்டு டன் சுமார். தளம் முழுக்கப் பரவினால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மொட்டை மாடிக்குக் கணக்கில் எடுக்கும் 150 கிலோவில் பெரும்பகுதி ஆள் ஏறும் முன்பே போய்விடுகிறது. அதனால் கால்களைச் சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே நிறுத்தவேண்டும், தளத்தின் நடுவில் அல்ல. தட்டோட்டைத் துளைத்து போல்ட் போட்டால் கீழ் வீடும் ஒழுகும். மேல்மாடிக்காக விட்டுவைத்த பில்லர் கம்பி இருந்தால் அதோடு வெல்டு வைத்துக் கட்டுங்கள். ஆனால் வெல்டிங் எல்லாம் ஷீட் ஏற்றும் முன்பே முடியவேண்டும். பஃபில் பொறி பட்டால் பற்றும், புகை நச்சு. அதே காரணத்துக்காக உள்ளே காஸ் அடுப்பு கூடவே கூடாது.

இரும்புப் பெட்டிக்குள் மின்சாரம் என்பதால் தனி எர்த்தும் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். விலை குறைவென்று தெர்மாகோல் ஷீட் எடுத்தவர்கள் ஒயரைக் குழாய் இல்லாமல் ஷீட்டுக்குள் விடாதீர்கள். தெர்மாகோல் பட்ட ஒயரின் பிவிசி உறை நாளடைவில் விறைத்து விரிசல் விடும். "கழட்டி எடுக்கிற பொருள்தானே, பர்மிஷன் எதுக்கு" என்பதும் விற்பவர் வசனம்தான். ஆள் தங்கும் அறை என்றால் மாநகராட்சிக்கு அது கட்டடம். கோட்டைப் பக்கம், மலையடிப் பக்கம் குரங்குத் தொல்லை உள்ளவர்கள் கூரை உச்சியை மூடும் ரிட்ஜ் தகட்டை ஒரு மி.மீ. தடிமனில் கேளுங்கள். அரை மி.மீ. தகடு குரங்குக்கு ஊஞ்சல்.

மதிப்பெண் கேட்டால், அறையாக 10க்கு 4. கீழ் வீட்டுக்குக் குடையாக 9.

வாலாஜா நண்பருக்கு இதனால்தான் வேண்டாம் என்றேன். அவருடையது தரை. கீழே குளிர்வதற்கு அறையே இல்லை. அவருக்குக் கிடைக்கப்போவது 120 ஸ்க்ரூ மட்டும். மண்ணில் வைத்தால் கறையானும் சேரும். பஃபை அது தின்னாது, துளைத்துக்கொண்டு போகும். ஒன்றரை அடி மேடை கட்டி வைக்கவேண்டும். மேடையே கட்டினால் அதன் மேல் ஒன்பதங்குலச் சுவர் எழுப்ப எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேளுங்கள் என்றேன். "அப்ப நீங்க வித்துடுவீங்களா?" என்றார். கீழ் அறையில் தூங்குகிறவர்கள் விடமாட்டார்கள்.

நேற்று சாயங்காலம் இருபது நிமிடம் நல்ல இடிமழை. புது ஸ்க்ரூவில் ஒரு சொட்டும் இல்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் உள் மூட்டோரமாக ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஈரம். ஸ்க்ரூவா, ரிட்ஜா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பைப்போடு ஏறவேண்டும்.