கும்பகோணம் ஞாயிறு மணிமேகலை வகுப்பு: எட்டு வாரம் போய் வந்தேன்

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மாடி, ஞாயிறு காலை பத்து மணி. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்துகிறார், செராக்ஸ் செலவுக்கு மட்டும்தான் பணம் வாங்குகிறார். திருவிடைமருதூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன், ஒரு வாரம்கூட வீண் என்று தோன்றவில்லை. உ.வே.சா. இந்த ஊர்க் கல்லூரியில் வேலை பார்த்தபோதுதான் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார், அதனால் இங்கே உட்கார்ந்து படிப்பதில் தனிச் சந்தோஷம்.

திருக்குறளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஐயா. ஏன் என்று மணிமேகலையின் 22ஆம் காதையில்தான் (காதை என்றால் அத்தியாயம்) புரிந்தது. காவிரியில் குளித்துவிட்டு வரும் மருதி என்ற மணமான பெண்ணை அரசன் மகன் கூப்பிடுகிறான். நான் செய்த குற்றம் என்ன என்று அவள் நாற்சந்தியில் நிற்கும் காவல் தெய்வமான சதுக்கப் பூதத்திடம் போய் அழுகிறாள். பூதம் ஆறுதல் சொல்லவில்லை. கணவனை மட்டும் தொழுபவள் பெய் என்றால் மழை பெய்யும் என்கிற 'தெய்வம் தொழாஅள்' என்ற 55ஆம் குறளை எடுத்துப் போட்டுவிட்டு, பிசியும் நொடியும் (விடுகதையும் கதையும்) கேட்டுக்கொண்டு, திருவிழா பார்த்துக்கொண்டு, கடவுளரை வணங்கிக்கொண்டு இருந்தாய், நீ சொன்னால் மழை எப்படிப் பெய்யும் என்று கேட்கிறது. குறளைச் சொன்னவரின் பெயர் கிடையாது, 'பொய்யில் புலவன்' என்று மட்டும். கேட்கிறவர்களுக்குத் தெரியும் என்று மணிமேகலையை எழுதிய சாத்தனார் நம்பியிருக்கிறார்.

அப்புறம் ஐயா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். குறளில் 'மழை', இங்கே 'பெருமழை'. குறள் வெண்பா ஓரசையில் முடியலாம், மணிமேகலை ஆசிரியப்பா, அந்த அடியின் நடுவில் வந்து உட்கார அது போதாது, அதனால் 'பெரு' சேர்ந்திருக்கிறது. எத்தனையோ முறை படித்தும் என் கண்ணில் படாத விஷயம் இது! குறளில் மனைவியைப் புகழ வந்த வரி, பௌத்தக் காப்பியத்தில் கோயில் திருவிழா என்று போனவளைக் கண்டிக்க வந்து நிற்கிறது. சாத்தனார் குறளுக்குக் கொடுத்த மரியாதை என்றுதான் ஐயா சொன்னார். எனக்கு அது மட்டும் போதவில்லை, 'தெய்வம் தொழாஅள்' என்ற சொல் ஒரு பௌத்தருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்றும் பார்க்க வேண்டும். அதைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் திருமங்கையாழ்வார் பக்கம் போனோம், சீர்காழி பக்கத்துத் திருக்குறையலூர்க்காரர். காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரை ஏறி ஊரறியச் செய்வது மடலேறுதல், பெண்கள் மடலேறுவதில்லை என்பது தொல்காப்பிய விதி. அவருடைய பெரிய திருமடலில் தலைவி, அந்தத் தமிழ் வழக்கம் கேட்டறிந்ததுதான், நாங்கள் ஏற்கமாட்டோம், வடநெறிதான் (வடமொழி வழக்கம்தான்) வேண்டும் என்கிறாள். விதியைச் சொல்லிவிட்டே மீறுகிறாள்.

குறை என்றால் 29ஆம் காதை. பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரின் மரபில் வந்த வடமொழித் தர்க்க நூலான நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிப் போகும் இடம், அதை ஒரே மணி நேரத்தில் ஓட்டிவிட்டார். இரண்டு வாரமாவது வேண்டும். செராக்ஸும் பாதிப் பக்கம் மங்கல், சொந்தப் புத்தகம் எடுத்துப் போங்கள்.

அடுத்தது பெரியபுராணம். சிவனடியார்களைப் பற்றி சுந்தரர் திருவாரூரில் பாடிய 11 பாட்டு, நம்பியாண்டார் நம்பியிடம் அந்தாதியாகி, சேக்கிழாரிடம் 4,000 பாட்டுக்கு மேல் போன கதை. நான் பெயர் கொடுத்துவிட்டேன்.