ருகர் 10/22-இல் பாலிமர் பஃபர்: டக் சத்தம் போனது, வேறென்ன?

ரீகாயில் பஃபர் (சுடும்போது உள்ளே நடக்கும் மோதலைத் தாங்கும் மெத்தை) போட்டால் ரைஃபிளின் ஆயுள் கூடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ருகர் நிறுவனத்தின் .22 ரைஃபிளான 10/22-ஐப் பொறுத்தவரை, கூடாது. அப்படியானால் என்னுடையதில் ஏன் அது இன்னும் கிடக்கிறது? சத்தத்துக்காக.

சுட்டதும், தோட்டாவை உள்ளே தள்ளும் எஃகு போல்ட் பின்னால் ஓடிவந்து, அதைச் சுற்றியுள்ள கூடான ரிசீவரின் கடைசியில் குறுக்கே நிற்கும் கால் அங்குல எஃகு ஸ்டாப் பின்னில் (தடுப்புக் கம்பியில்) மோதும். .22 தோட்டாவின் சத்தமே சின்னது என்பதால் இந்த உலோக மோதல் தனியாகக் காதில் விழும். சப்ரெசர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்டியவர்களுக்கு மிச்சமிருப்பதே இந்த 'டக்'தான். எஃகுக்குப் பதில் அதே தடிமனில் பாலியூரித்தேன் என்ற பாலிமரால் ஆன பின்னை, அதாவது இந்த பஃபரை, போட்டால் அது 'தொப்' என்று அமுங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்லவே முடியாது.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பேரல் பேண்டை (குழலைப் பிடிக்கும் பட்டையை) தளர்த்தி, ஸ்டாக்கின் (கட்டையின்) ஒற்றைத் திருகைக் கழற்றுங்கள். சேஃப்டி பொத்தானை நடுவில் நிறுத்தினால்தான் ரிசீவரும் பேரலும் சேர்ந்த ஆக்‌ஷன் ஸ்டாக்கிலிருந்து வெளியே வரும். ஸ்டாப் பின்னைப் பிடித்துவைப்பது ஸ்டாக்கின் சுவர் மட்டுமே, அதனால் தூக்கியதும் எஃகுப் பின் தானாக உருண்டு ஓடும். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். பாலிமர் பின் சற்று இறுக்கமாக உட்கார்வதால் இப்படி விழுவதில்லை. விளம்பரத்தில் சொல்லாத லாபம் இது.

இனி எரிச்சல். பெட்டியில் 'ரிசீவரைப் பாதுகாக்கும்' என்று போட்டு விற்கிறார்கள். எஃகுப் பின்னோடு ஆயிரக்கணக்கான தோட்டா சுட்ட அலுமினிய ரிசீவர்கள் எத்தனையோ நன்றாகத்தான் இருக்கின்றன. 'ரீகாயில் குறையும்' என்பது இன்னும் மோசம்; .22-இல் குறைக்க என்ன இருக்கிறது? ஒரு துண்டு பிளாஸ்டிக் கம்பிக்குச் சொல்லும் விலையைப் பார்த்தால் கோபம்தான் வரும். போல்ட் நிஜமாகவே பலமாக மோதுகிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது தளர்ந்துபோன ரீகாயில் ஸ்ப்ரிங்கை.

தேய்மானமும் உண்டு. போல்ட் மோதும் நடுப்பகுதி தட்டையாகி, ஓரம் பிதுங்கும். அப்படிப் பிதுங்கிய கம்பி துளையில் சிக்கிக்கொண்டு, சுத்தம் செய்யும்போது வெளியே வர அடம்பிடிக்கும். சில கடுமையான கரைப்பான்கள் பாலியூரித்தேனை உப்பவைத்துவிடும், எனவே ரிசீவரைக் கழுவுமுன் அதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுத்தத்திலும் விரலில் உருட்டிப் பார்த்தால் பள்ளம் தெரிந்துவிடும்.

இதே யோசனையை ஏகே-47 வகை ரைஃபிளுக்கு நீட்டாதீர்கள். அங்கே பஃபர் என்பது ஸ்ப்ரிங் வழிகாட்டியில் கோர்க்கும் தட்டு. போல்ட்டைச் சுமக்கும் கேரியர் பின்னால் போகும் தூரத்தைத் தன் தடிமன் அளவுக்குக் குறைக்கும். அது நொறுங்கினால் துண்டுகள் ட்ரிக்கருக்குள் விழுந்து சிக்கலாம். ஏஆர்-15 ரைஃபிளின் பஃபர் வேறு ஜாதி, அது எடைக் கணக்கு: சாதாரண கார்பைன் பஃபர் சுமார் 85 கிராம், கனமான எச்-2 வகை சுமார் 130 கிராம். போல்ட்டைத் தள்ளும் வாயு (கேஸ்) அதிகமாக வரும் ரைஃபிளில் கனமானது நன்றாக உதவும். கேஸ் குறைவான ரைஃபிளில் போட்டால் போல்ட் பாதியிலேயே திரும்பிவிடும், மேகசின் காலியானாலும் திறந்து நிற்காது.

ஆக 10/22-க்கு இதை வாங்காதீர்கள், காசு தண்டம். என்னுடையதைக் கழற்றப் போவதில்லை. பழைய எஃகுப் பின் துப்பாக்கிப் பையில் பத்திரமாக இருக்கிறது.