பெயின்ஸ்விக்கா, பர்ஃபோர்டா?

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் கல்லறைச் சிற்பம் பார்க்க ஒரே ஒரு தேவாலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், என் ஓட்டு பெயின்ஸ்விக்குக்கே.

குளோஸ்டர்ஷயரில் உள்ள இந்த ஊர் துணி வியாபாரத்தில் செழித்தது. அந்தப் பணம் செயிண்ட் மேரி தேவாலய முற்றத்தில் கல்லாக நிற்கிறது. மேசை போன்றவை, பீடம் போன்றவை, தேயிலை டப்பா மாதிரி உருண்டையானவை என எத்தனை வடிவங்கள்! பக்கங்களில் குண்டுக் கன்னக் குழந்தைத் தேவதைகள், சுருள் இலைகள். பல பிரையன் குடும்பக் கல்தச்சர்களின் கைவண்ணம். 1787இல் இறந்த ஜான் பிரையனுக்கோ அலங்காரமே இல்லாத பிரமிடு! உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் செதுக்க இலகுவானது. ஆனால் மழையில் எழுத்துகள் கரைந்துகொண்டே வருகின்றன. சுற்றிலும் கத்தரித்த யூ என்ற பசுமைமாறா மரங்கள்; 99தான் இருக்கும், நூறாவதைச் சாத்தான் வளரவிடமாட்டான் என்பது ஊர்க்கதை.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பர்ஃபோர்டில் கல்லறை வகை குறைவு, விசித்திரம் அதிகம். கல்பெட்டியின் மேல் வரிவரியாகப் பள்ளமிட்ட அரை உருளை படுத்திருக்கும். கம்பளிப் பொதி என்பார்கள். சவப்பெட்டிமேல் துணி போர்த்தும் வளைவுச் சட்டம் என்ற விளக்கமும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

வரலாற்றுப் பிரியர்கள் மட்டும் பர்ஃபோர்டுக்கே போகலாம். 1649 மே மாதம் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லின் படையினர், அரசியல் சமவுரிமை கோரிய லெவலர் இயக்கத்தைச் சேர்ந்த கலகக்காரப் படைவீரர்களை இங்குள்ள தேவாலயத்தில் அடைத்துவைத்து, மூவரை முற்றத்திலேயே சுட்டார்கள். ஆண்டனி செட்லி என்ற கைதி ஞானஸ்நானத் தொட்டியில் கீறிய பெயர் இன்றும் தெரிகிறது.